ஐந்து மணி நேரம் கூட்டாத வீடு

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் இரண்டு கைகளும் செடிக்கு மேலேயே நின்றுவிட்டன. பள்ளிக்கூட விடுமுறை நாள். அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் பனிமூட்டம் இறங்கினால் அடுத்த நிரையில் நிற்கிற ஆளைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கோ உயரத்தில், அந்த வெள்ளைக்குள்ளே, ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. மற்றப் பெண்கள் பேச்சையும் நிறுத்தவில்லை, கையையும் நிறுத்தவில்லை. பெரியம்மா மட்டும் கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த, வாயை லேசாகத் திறந்தபடி, சத்தம் மலையைக் கடந்து தேய்கிறவரைக்கும் அப்படியே நின்றார். பிறகுதான் மூச்சை விட்டார். மேலே நின்ற கங்காணி சத்தம் போட்டார். "ஏரோப்ளேன் கேக்குறதுக்கா ஒங்களுக்கு நாள் பேரு போடுறோம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியம்மா யாரையும் பார்க்காமல் மறுபடியும் கொழுந்தில் கை வைத்தார்.

பெரியம்மா என்றால் என் அப்பாவின் அண்ணன் மனைவி. லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். ஆனால் அவர் பிறந்தது இங்கே இல்லை. ஏழு கன்னி மலைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, எங்கள் பெரியப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அந்த மலையில் முன்னொரு காலத்தில் மக்காவுக்குப் போகிற பயணிகளோடு வந்த ஒரு பெரிய விமானம் மோதி, ஒருவர்கூட மிஞ்சாமல் போனதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். பெரியம்மா அப்போது குமரிப் பெண். மலையேறிப் போய்ப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர் என்று பெரியப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் வாயால் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் எழுந்து போய் அடுப்பை ஊதுவார்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பிப் போனதும் வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். போனவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் விளக்குமாற்றைத் தொட வேண்டும். இல்லையென்றால் போகிறவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டதாக ஆகிவிடுமாம். எல்லா வீட்டிலும் இதைப் பின்பற்றுவார்கள், ஆனால் எல்லோரும் ஏமாற்றவும் செய்வார்கள். என் அம்மா, ஆள் திருப்பத்தில் மறைந்ததும் கூட்டத் தொடங்கிவிடுவார். பெரியம்மாவிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டவுனுக்குப் போனால் ஒரு பானைச் சோறு வேகும் நேரம். ஹட்டனுக்கு என்றால் மத்தியானம் வரை. பெரியப்பா கொத்மலையில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனால் அன்றைக்கு முழுவதும் வீடு குப்பையாகத்தான் கிடக்கும். இந்தக் கணக்கெல்லாம் அவர் மனசில் இருந்தது. பெரியப்பா கிண்டல் செய்வார். "நான் சுடுகாட்டுக்குப் போறப்ப எவ்வளவு நேரம் கூட்டாம இருப்ப?" அதற்குப் பெரியம்மா அடுப்பங்கரையிலிருந்து, "அதுக்கு ஒடனே கூட்டிக் கழுவணும், அது வேற சட்டம்" என்பார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

பெரியப்பா இறந்து சில வருடங்களில் அண்ணன், அதாவது பெரியம்மாவின் ஒரே மகன், கட்டாருக்கு வேலைக்குப் போகிறதாக முடிவாகிவிட்டது. பெரியம்மா தடுக்கவில்லை. தடுத்து அவரைக் கொழுந்து மலையிலும் கவ்வாத்து வெட்டுகிற மலையிலும் கட்டிப்போட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எவ்வளவு நேரம்டா மேல இருப்ப?" அண்ணன் டிக்கெட்டை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார். "காலையில பத்து மணிக்கு ஏறுவோம். பன்னெண்டரைக்கு டோஹாவுல எறங்கிருவேன்." பெரியம்மா நம்ப முடியாமல் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இங்கருந்து கட்டுநாயக்காவுக்குப் போறதுக்கே ஒரு ராத்திரி வேணுமே!" "அது பறக்குதும்மா" என்றார் அண்ணன். விமான நிலையத்துக்கு வேன் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டது. வழியனுப்ப எங்கள் அப்பா, அம்மா, தம்பி, கோயில் தலைவர் என்று ஆட்கள் நிறையப் போனார்கள். கினிகத்தேனை இறக்கத்தில் என் தம்பி வாந்தி எடுத்த கதை பிறகு வருடக்கணக்கில் ஓடியது. பெரியம்மா மட்டும் போகவில்லை. விமானத்தைக் கண்ணால் பார்க்க அவரால் முடியாது. பரீட்சை இருந்ததால் நானும் போகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது பெரியம்மா வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். வீடு பளிச்சென்று இருந்தது. கூட்டி, மெழுகி, வாசலில் தண்ணீரும் தெளித்திருந்தார். "பன்னெண்டரைக்குத்தான் எறங்கிருப்பானே, ஒரு மணி வரைக்கும் பாத்துட்டுக் கூட்டிட்டேன்" என்றார். பேச்சு ஏதோ தன்னைத்தானே சமாதானப்படுத்துவதுபோல இருந்தது. பெரியப்பா வைத்திருந்த பழைய போன் அவர் மடியில் கிடந்தது. எங்கள் லயத்துக்குள் போன் வேலை செய்யாது. பேச வேண்டுமென்றால் தேயிலைக்குள் ஏறி, மேலே உள்ள ஒரு பாறையில் போய் நிற்க வேண்டும். அந்தப் பாறையில் நிற்காத காதலும் இல்லை, கடன்காரனும் இல்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். "வா பாப்பா, போய்ப் பேசிட்டு வந்துருவோம்" என்று பெரியம்மா எழுந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் நான் பின்னால் போனேன்.

பாறையில் போன் உயிர் பெற்றது. ஆனால் அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். தூறல் விழத் தொடங்கியது. பெரியம்மா கொங்காணிச் சாக்கை என் தலையிலும் சேர்த்துப் போட்டார். அரை மணி போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. நாடுகளுக்கு நாடு மணி வேறுபடும் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். அந்தப் பாறையில் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. புத்தகத்தில் இருக்கிற நேரம் வேறு, அண்ணன் பறக்கிற நேரம் வேறு என்றுதான் அந்த வயதில் மனசு இருந்தது. பன்னிரண்டரைக்கு இறங்க வேண்டிய மனுஷன் இரண்டரை ஆகியும் பேசவில்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"நான்தான் கூட்டித் தள்ளிட்டேன்" என்றார் பெரியம்மா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. மேகம் மூடிய மலைகளைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, அந்தக் கதையை அவர் அன்றைக்குத்தான் சொன்னார். "விடிஞ்சதும் நாங்க ஏறினோம் பாப்பா. ஆம்பளைங்க முன்னாடி போனாங்க. பொம்பளைங்கள வரவேணாம்னாங்க, நாங்க கேக்கல. யாராவது உசுரோட இருந்தா தண்ணி குடுக்கலாம்னு ஒரு செம்பு கொண்டு போனேன். குடுக்க யாருமில்ல. தேயிலச் செடி மேல ஒரு வெள்ளத் துணி கெடந்துச்சு. மடிப்பு கலையல. புதுசு. அந்த நல்ல எடத்துக்குப் போய் உடுத்திக்கணும்னு வீட்டுல யாரோ மடிச்சுக் குடுத்திருக்காங்க." சாக்கின் நுனியை இழுத்து என் தோளை மூடினார். "வந்து சேந்துட்டோம், எறங்கப் போறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்களாம். அப்பத்தான் மல குறுக்க நின்னுச்சாம். எங்கயோ தூர தேசத்துல அவங்க வீட்டுலயும் சேந்திருப்பாங்கன்னு நெனச்சு யாரோ கூட்டியிருப்பாங்க. அந்தத் துணியப் பாத்ததுலருந்து எனக்கு அதேதான் நெனப்பு. யாரு கூட்டுனாங்களோ, யாரு கூட்டுனாங்களோன்னு."

மூன்று மணி தாண்டிப் போன் அடித்தது. பெரியம்மாவால் அதை எடுக்க முடியவில்லை. நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, இப்பத்தான் எறங்கினேன். எல்லாம் சுகம்." பெரியம்மா நம்பவில்லை. "பன்னெண்டரைக்கு எறங்குறேன்னு சொன்னியே, இம்புட்டு நேரமும் எங்கடா இருந்த?" அண்ணன் சிரித்தார். அங்கே மணி இப்போதுதான் பன்னிரண்டரை, நம்முடைய மணிக்கும் அவர்கள் மணிக்கும் இரண்டரை மணி வித்தியாசம், டிக்கெட்டில் அந்த நாட்டு மணிதான் போட்டிருக்கும், தானும் பிளேனில் ஏறிய பிறகுதான் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். "மொத்தம் அஞ்சு மணி நேரம்மா." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. முன்பைவிட வெளுத்துப் போயிருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். "அப்ப நான் கூட்டுனப்ப நீ மேலதான் இருந்தியா?"

அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவே இல்லை. மகன் நல்லபடியாக இறங்கிவிட்டான் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் தான் செய்த காரியத்துக்கு ஒரு தண்டனை பாக்கி இருக்கிறது, அது எப்போதாவது வந்து சேரும் என்று நம்பினார். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அது அந்தக் கூட்டினது. ஒரு முறை வேலையிடத்தில் கதவிடுக்கில் சிக்கி அவர் இடது கைச் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. அதுவும் அந்தக் கூட்டினதுதான். அண்ணன் போனில் கிண்டலடிப்பார். "விரலோட போச்சுல்ல, கணக்கு முடிஞ்சிருச்சுன்னு சந்தோசப்படும்மா." பெரியம்மாவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. அண்ணன் விடுமுறையில் வந்து திரும்பிப் போகிறபோதெல்லாம் அவர் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. பாறைக்குப் போய்க் குரலைக் கேட்ட பிறகுதான் விளக்குமாறு. அண்ணன் அங்கிருந்து கிளம்பி வருகிறபோதும் அதே சட்டம்தான். மழை மாதங்களில் லீவு எடுக்கவே விடமாட்டார். மலை தெளிந்து தெரிகிற மாதங்களில்தான் வர வேண்டும். அப்படி வந்தாலும், இறங்குவதற்கு முந்தின அரை மணி நேரம்தான் அவருக்குப் பெரிய பாடு. "வந்துட்டோம்னு நெனக்கிற நேரந்தான் பாப்பா பயம்" என்பார்.

நான் படித்து ஆசிரியையாகி, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பிக்க வந்தேன். கட்டுநாயக்காவிலிருந்து டோஹா மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், விமானம் கடலின் மேல்தான் போகும், நம் மலைப்பக்கம் வரவே வராது என்று படம் போட்டு அவருக்குக் காட்டினேன். பெரியம்மா படத்தைப் பார்த்தார். கடலைத் தடவிப் பார்த்தார். "இதுல மல எங்க இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். "கிட்டத்தான இருக்கு" என்றார். உண்மையில் என் படத்தில் அது விரல் நகம் அளவு தூரம்தான்.

போன மாதம், ஆனி மழை ஓயாமல் கொட்டிய வாரத்தில், பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எனக்கு ஏதாச்சும் ஆனா, இந்த மழையில அவன ஏறி வரச் சொல்லாத. வெயில் வந்தப்புறம் வந்து என் மண்ணத் தொட்டுக்கட்டும். அது போதும்." நான் சரி என்றேனா, இல்லை என்றேனா என்பது ஞாபகமில்லை. இரண்டு நாளில் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அண்ணனுக்குப் போனில் சொன்னேன். பெரியம்மா கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன். "அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. நான் வராம வேற யாரு வர்றது?" என்றார் அண்ணன்.

ஆனால் லீவு உடனே கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பகலில் வந்து இறங்குகிற விமானத்தில்தான் இடம் இருந்தது. மூன்று மணிக்குக் கட்டுநாயக்கா, பிறகு மலையேற ஆறேழு மணி நேரம், அதுவும் பாதை நன்றாக இருந்தால். காத்திருக்கலாம் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். அன்றைக்குக் காலையில் குழி வெட்டினவர்கள் நனைந்துபோய் வந்து, குழியில் தண்ணீர் ஊறுகிறது, மண் சரிகிறது, இன்னொரு நாள் தாங்காது என்றார்கள். உடம்பும் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஏறுவதற்கு முன்னால் அண்ணனே பேசினார். "எனக்காகப் போட்டு வைக்காதீங்க. எடுத்துருங்க." மகன் இடத்தில் என் தம்பி நின்றான். தப்பு மேளம் அடித்தார்கள். இரண்டு மணி வாக்கில் பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

சவம் வாசல் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கூட்டிக் கழுவிவிட வேண்டும். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, கழுவின வீட்டில் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மேட்டு லயத்து அத்தை இந்தக் காரியங்களில் கெட்டிக்காரி. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் விளக்குமாறும் மறுகையில் வாளியுமாக வந்தார். எனக்குள் என்ன நடந்தது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான் போய் வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "வேணாம் அத்தை. அண்ணன் இன்னும் எறங்கல."

அத்தை முதலில் நான் துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தார். "டீச்சர், படிச்ச நீங்களே இப்பிடிப் பண்ணலாமா? எடுத்த வீட்டக் கூட்டாமப் போட்டா போன உசுரு வாசல்லயே நிக்கும்." "நிக்கட்டும் அத்தை" என்றேன். "மகன் எறங்குற வரைக்கும் அவங்க எப்படியும் அங்கதான் நிப்பாங்க." அத்தை என்னைப் பார்த்தார். அவரும் பெரியம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்தான். வாளியைக் கீழே வைத்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார். உதிர்ந்த பூவும், ஊதுபத்திச் சாம்பலும், மிதிபட்ட சேறும் வீடு முழுக்கக் கிடந்தன.

என் கணவர் போனோடு பாறையில் நின்றார். மூன்று மணி ஆயிற்று. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வீடு கழுவாததைப் பார்த்ததும் கோயில் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது, ஒரு காரியத்துல ரெண்டு சட்டமா?" என்றார். அத்தைதான் எழுந்து போய் அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர், ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பக்கத்து இஸ்தோப்பில் ஏறி நின்றுகொண்டார். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். மூன்றரை ஆயிற்று. பாறையிலிருந்து சத்தமில்லை. கொழும்புப் பக்கம் பயங்கர மழையாம், காற்றாம் என்று யாரோ சொன்னார்கள், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை நான் அலங்கரித்துச் சொல்ல விரும்பவில்லை. ஐந்து மணி நேரமும் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றரும் பலகையில் எழுதி அழித்த எண்களாக இருந்தன. பெரியம்மா கேட்டதை நான் கேட்கவில்லை, அண்ணனைத் தடுக்கவில்லை, இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் மேகத்துக்குள் எங்கேயோ ஒரு விமானச் சத்தம் கேட்டது. அது எந்த விமானமோ, எங்கே போனதோ, எனக்குத் தெரியாது. நனைந்துபோய் நின்ற அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கடைசியில் என் கணவர் மேலேயிருந்து கத்தினார். "போன் வந்துருச்சு! ஒன்னத்தான் கேக்குறாரு, நீ வா!" நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சறுக்கி விழுந்து எழுந்து, பாறைக்கு ஏறினேன். போனை வாங்கிக் காதில் வைத்தேன். "தங்கச்சி, எறங்கிட்டேன். மத்தளயில" என்றார் அண்ணன். குரல் அவருடையதுபோல இல்லை. கட்டுநாயக்காவில் இறங்க முடியாமல் மழையில் சுற்றிச் சுற்றி, கடைசியில் தெற்கே மத்தள விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்களாம். "மூணு தடவ கீழ வந்துட்டு மறுபடி மேல தூக்கிட்டாங்க தங்கச்சி. சன்னல்ல ஒண்ணும் தெரியல. எல்லாம் வெள்ள." பிறகு, "அம்மாவ எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்றேன். இத்தனை வருடமும் அந்தப் பேச்சை எடுத்தாலே சிரித்த மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "நான் மேல இருக்கப்ப… வீட்ட யாரும் கூட்டிடலையே?"

"இல்லண்ணே" என்றேன். "ஒங்க கொரலக் கேக்காம யாரும் தொடல." அண்ணன் அழத் தொடங்கினார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. பின்னால் விமான நிலையத்தில் சிங்களத்தில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். "பக்கத்துல எல்லாரும் சாமி கும்பிட்டாங்க தங்கச்சி. எனக்கு ஒரு சாமியும் நெனப்புல வரல. யாரும் கூட்டிறக் கூடாது, யாரும் கூட்டிறக் கூடாதுன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." நான் பாறையில் நின்றபடியே கீழே கையைக் காட்டினேன். அத்தை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கருமாதி முடிந்து, கட்டாரில் தந்த நாட்கள் தீர்ந்து, அண்ணன் நேற்றுச் சாயங்காலம் திரும்பக் கிளம்பினார். அந்தக் காம்பராவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். மழை இன்னும் விடவில்லை. வேனில் ஒரு காலை வைத்துவிட்டு, மறுபடியும் இறங்கி என்னிடம் வந்தார். "தங்கச்சி, அஞ்சு மணி நேரம்" என்றார். சிரிக்கவில்லை. "அம்மா வீடு பூட்டிக் கெடக்கு. அதை யாரும் கூட்டப் போறதில்ல, அது பிரச்சின இல்ல. ஆனா யாராச்சும் ஒரு ஆளு எனக்காகக் கூட்டாம இருக்கணும்ல?"

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவர் ஏறினார். லயத்தைத் தள்ளிப் பாதையோரத்தில் இருக்கிற எங்கள் புது வீட்டில் போன் வேலை செய்கிறது, பாறைக்குப் போக வேண்டியதில்லை. விமானம் எங்கே போகிறது, இன்னும் எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று போனிலேயே பார்க்கலாம் என்று என் மகள் திறந்து காட்டினாள். மூடி வைக்கச் சொல்லிவிட்டேன். அவள் சீவிப்போட்ட பென்சில் தூள் தரையெல்லாம் கிடக்கிறது. காலையில் சிந்திய சோறு காய்ந்துவிட்டது. என் கணவர் குப்பையைத் தாண்டித் தாண்டி நடக்கிறார். உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன் இன்னும் பேசவில்லை.